உதிரிச் சோறு

கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்புப் பட்டறை கேண்டீனில் செண்பகம் பதினோரு வருஷமாகச் சமைக்கிறாள். முட்டை மசாலா மட்டும் உதவிக்கு வந்த ஹெலனின் பொறுப்பு. அன்று எட்டு மணி நாஷ்டாவுக்கு எலுமிச்சை சோறும் முட்டையும். பத்து மணிக்குள் ஒன்பது பேர் வாந்தி எடுத்தார்கள்.

"இன்னா ஹெலன், முட்டைல வேலையக் காட்டிட்டியா? நாளைலேர்ந்து வராத," என்றார் சூப்பர்வைசர் பாக்கியராஜ்.

"நானும் ரெண்டு முட்டை துன்னேன் சார். எனக்கு ஒண்ணும் ஆவலயே," என்று ஹெலன் அழுதாள்.

பட்டறை நர்ஸ் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தாள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, பேதியும் இல்லை.

"முட்டைக் கிருமின்னா பெரும்பாலும் அரை நாளாவது ஆவும் சார். காய்ச்சல், பேதின்னு படுத்தும். ரெண்டு மணி நேரத்துல வெறும் வாந்தின்னா, வெளிய கெடந்த சோறா இருக்கும். திரும்ப சூடு பண்ணாலும் அந்த விஷம் போவாது."

செண்பகத்துக்கு அண்டா நினைவுக்கு வந்தது. வீடாக இருந்தால் ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றியிருப்பாள். இங்கே காலை எலுமிச்சை சோற்றுக்கு உதிரியாக வேண்டுமே என்று சூட்டோடு மூடி வைத்துவிட்டாள். காலையில் முகர்ந்தும் பார்த்தாள். வாசனை மாறவில்லை.

"அண்ணா, அந்தப் பொண்ண விடு. சோறு நேத்து ராத்திரி மிஞ்சினது. நான் வெச்சது."

பாக்கியராஜ் அவளையே பார்த்தார். "அப்ப வேலைய விட்டு நீதான் நிக்கணும்."

"நின்னுக்கிறேன்."

அவள் மிச்சச் சோற்றைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். ஹெலன் பின்னாலேயே வந்தாள்.

"ஏன்க்கா சொன்ன?"

"நாளைக்கு நீ சோறும் வடிக்கணும். மிஞ்சினா தண்ணி ஊத்து."