இருட்டாக இருக்க வேண்டிய ஸ்லைடு

இருட்டாக இருக்க வேண்டிய ஸ்லைடு மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிர்ந்தது.

திண்டுக்கல்லில் எங்கள் ஆய்வகத்தில் ரத்தப் புற்றுநோய் செல்களை வளர்க்கிறோம். தனியே விட்டால் அவை சீக்கிரம் செத்துவிடும். ஆனால் அதே நோயாளியின் ரத்தத்தில் உள்ள சில செல்கள் பெரிதாகி, தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, அவற்றை மடியில் வைத்துக் காப்பாற்றும். நர்ஸ் செல் என்போம். பச்சைச் சாயம் இந்த நர்ஸ் செல்லில் மட்டும் ஏற வேண்டும். சாயத்தைச் செல்லோடு பிடித்துவைக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் போடாத ஸ்லைடுக்கு கண்ட்ரோல் என்று பெயர். அதில் எதுவும் ஒளிரக் கூடாது.

அன்று ஆன்டிபாடி போட்டது, போடாதது இரண்டுமே ஒளிர்ந்தன.

ஆத்தூரில் பூ விவசாயம் பார்க்கும் பழனியம்மாளின் ரத்தம் அது. நோய்க்கு மாத்திரை தொடங்குமுன் நான்தான் ஊசி குத்தி எடுத்தேன். "எனக்கு ஆகாட்டியும் இன்னொருத்திக்கு ஆகட்டும். வீணாக்கிராத தம்பி" என்றிருந்தார். இப்போது மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அந்த ரத்தம் இனிக் கிடைக்காது.

ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, சீரியல் செட் போட்ட மாதிரி எரியுது? மிச்சம் இருக்கா?"

"இன்னும் ஒரு ஜோடி ஸ்லைடு இருக்கும்மா."

"அதுவும் கெட்டா அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

கூட வேலை பார்க்கும் செல்வி ஸ்லைடை எடுக்கக் கை நீட்டினாள். மைக்ராஸ்கோப்பின் நீல வெளிச்சம் விரலில் பட்டதும் அவள் நகக்கண் பச்சையாக மின்னியது.

"யாத்தே! அண்ணே, பேய் வெரல் மாதிரி இருக்கு!"

"நேத்து எங்க போன?"

"மாரியம்மன் கோயில் மஞ்சத்தண்ணி. மொறமாமன் கொடங்கொடமா ஊத்துனான்."

"கிளவுஸ் போடலையா?"

"ஸ்லைடு மேல கவர்ஸ்லிப் கண்ணாடி ஒட்டயில வழுக்குச்சுண்ணே. கழட்டிட்டேன்."

அவள் விரல் மஞ்சள்தான் இரண்டு ஸ்லைடிலும் ஒட்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும் என்று அன்றுதான் கண்ணால் கண்டோம்.

மிச்சமிருந்த ஜோடிக்குப் புதுக் கிளவுஸ் மாட்டிக்கொண்டு நான் சாயம் போட்டேன். கண்ட்ரோலை வைத்தேன். கும்மிருட்டு. இருட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அடுத்த ஸ்லைடில் பெரிய பெரிய பச்சை செல்கள். அவற்றை அப்பிக்கொண்டு, சிவப்புச் சாயம் ஏறிய சின்னச் சின்ன நோய் செல்கள். அத்தனையும் சாயம் போடும் வரை உயிரோடு இருந்தவை. சந்தோஷம் அடங்கி, இவ்வளவு காவல் இருந்தால் நோய் எப்படிப் போகும் என்ற பயம் வந்தது.

அடுத்த முறை மாத்திரை வாங்க வந்த பழனியம்மாள் கேட்டார். "வீணாப் போச்சா தம்பி?"

"இல்லம்மா. நோயைக் காப்பாத்துறது யாருன்னு காட்டிக்குடுத்துருச்சு."

"யாரு அது?"

"உங்க ரத்தத்துலயே இருக்குற செல்லுதாம்மா."

"வெளியாளுன்னா கதவச் சாத்திருவேன். இவன் உள்ளயே இருக்கானே" என்று மாத்திரைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒளிர்வதைக் கண்டதும் துள்ளாதீர்கள். முதலில் இருட்டு ஸ்லைடைப் பாருங்கள். அதை வைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மூச்சு நின்றுதான் வருகிறது.