மருத்துவரிடம் மறைத்த சேறு

அடி அண்ணாமலை அருகே கிரிவலப் பாதையோரச் சேற்றில் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற பேராசிரியன் சேற்றில் புரண்டதை ஊர் பேசலாகாது என்று எண்ணி, வாசல் நிலையில் இடித்துக்கொண்டதாக மருத்துவரிடம் கூறினேன். தையல் போட்டு அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் கடும் காய்ச்சல், நாக்குக் குழறியது. பெரிய மருத்துவமனையில், மூளையில் சீழ் கட்டியிருப்பதாக ஸ்கேன் காட்டியது. குழறும் நாக்கோடு அங்கும் அதே பொய்யைச் சொன்னேன். வழக்கமான மருந்துகள் பலிக்கவில்லை.

“உங்க கௌரவத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க! சார், இவரு சேத்துல விழுந்தாரு,” என்று மனைவி போட்டுடைத்தாள்.

“மொதல்லயே சொல்லக் கூடாதாங்க ஐயா?” என்றார் மருத்துவர். சீழில் மண்வாழ் கிருமிகளைத் தேடச் சொன்னார். அரிதான ஒன்று அகப்பட்டது, மருந்தை மாற்றினார், பிழைத்தேன்.

இப்போது சிறு கீறலுக்கும், விழுந்த இடத்தையே முதலில் சொல்கிறேன். சாட்சிக்கு மனைவியும் வருகிறாள்.