கொலுசைக் கறுக்க வைத்த குருடாயில்

அறுபதுகளின் தொடக்கம். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து அகரத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. எங்கள் கிணற்றில் ஆயில் இஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைப்போம். மத்தியானம் கணவருக்குச் சோறு கொண்டுபோவேன். அவர் சாப்பிடும் நேரத்தில் டிரம்மிலிருந்து குருடாயிலைப் பிடித்து இஞ்சினுக்கு ஊற்றுவது என் வேலை. ஊற்றும்போது காலிலும் கொஞ்சம் சிந்தும். பிறகு வாய்க்காலில் காலை விட்டு உட்கார்ந்துவிடுவேன். இஞ்சின் ஒரே தாளத்தில் ஓடும், தண்ணீர் கொலுசை இழுத்து இழுத்துப் பார்க்கும், வெயிலில் கண் சொக்கும். கல்யாணம் ஆனதே கனவுதானோ என்றுகூடத் தோன்றும்.

ஆனி மாதம் புது டிரம் வந்தது. திறந்தாலே அழுகிய முட்டை நாற்றம். நான் இருந்த மயக்கத்தில் அதைக்கூடப் பெரிதாக நினைக்கவில்லை. சில நாளில் கொலுசு கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தேன், திருநீறு போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வரும், மறுபடி கறுக்கும்.

மாமியார் கண்ணுக்கு அது தப்புமா? அப்பா போட்ட வெள்ளியில் கலப்படம் என்று அத்தை முடிவே கட்டிவிட்டார். பங்காளி வீடுகள் வரைக்கும் பேச்சு போனது. ஆடிக்கு என்னை அழைத்துப்போக அப்பா வருவதாக இருந்தது.

"ஒங்கப்பா வரட்டும். நாலு பேரு முன்னால கேக்குறேன்" என்றார்.

அப்பா ரொம்ப ரோஷக்காரர். இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் எங்கள் வாசலை மறுபடி மிதிக்கமாட்டார். அப்புறம் எனக்குப் பிறந்த வீடு ஏது?

இதற்கு நடுவில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். தோட்டத்துக்கு அத்தையே சோறு கொண்டுபோனார், இஞ்சினுக்கும் அவரே ஊற்றினார். காய்ச்சல் விட்டு எழுந்த அன்று காலையில் கொல்லைப்பக்கம் போனால், அத்தை தன் மெட்டியைத் திருநீற்றால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மெட்டி கருகருவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கே மகனைத் திண்டுக்கல்லுக்கு விரட்டினார். எண்ணெய்க் கடையில் விசாரித்ததைக் கணவர் வந்து சொன்னார். அடுத்தடுத்த கிணற்றிலேயே ஒன்று நல்ல தண்ணீராகவும் ஒன்று உப்பாகவும் இருக்கிறதல்லவா, பூமிக்கடியில் எடுக்கும் எண்ணெயும் அப்படித்தானாம். சிலதில் கந்தகம் குறைவு, சிலதில் அதிகம். அதிகமானால் நாறும், வெள்ளி கறுக்கும், இஞ்சினையே அரித்துவிடும். எங்களுக்கு வந்தது அந்த ரகம்.

அப்பா வந்தார். பங்காளிகளும் பந்தியில் இருந்தார்கள். பரிமாறிக்கொண்டே அத்தை பேச்சை எடுத்தார்.

"அண்ணே, ஒங்க வெள்ளியும் எங்க வெள்ளியும் ஒண்ணுதான். ரெண்டும் சேந்தேதான் கறுத்துச்சு."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, சும்மா சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டேன்.

தப்பு என்று தெரிந்ததும் தனியாக என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாலு பேர் காதில் போட்டதை நாலு பேர் முன்னாலேயே திருத்திக்கொண்ட அந்த மனசு எனக்கு வாய்க்குமா என்று, நானே மாமியாரான பிறகும் நினைத்துப் பார்க்கிறேன்.