அத்தானின் துருவத் திரள்கள்

எங்கள் அத்தான் சவரம் செய்துகொள்ள வருகிறார் என்றாலே தெருமுனை முடிதிருத்துபவருக்கு முகம் சுண்டிவிடும். கன்னத்தில் நுரை ஏறியதுமே அத்தான் பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

"இந்தக் கன்னத்துல வெயில். அந்தக் கன்னம் இருட்டு. மூக்குதான் வடதுருவம். புரியுதா?"

"புரியுது சார். ஆடாம இருங்க."

"வெயில் பக்கம் முந்நூறு கிலோமீட்டர் உயரத்துல சூரியன் காத்தை உடைச்சு மின்துகளா ஆக்கிடும். அதுதான் பிளாஸ்மா. துருவத்துல மாசக்கணக்கா இருட்டு, அங்க அது கரைஞ்சு போகணும். ஆனா சூரியன்லேருந்து வர்ற காத்து, தன் காந்தத்தைத் தெற்கே திருப்பிச்சுன்னா வெயில் பக்கத்துப் பிளாஸ்மாவை நாக்கு மாதிரி இழுக்கும்." இங்கே விரலால் நுரையை மூக்கின் மேல் இழுப்பார். "அந்தக் காந்தம் ஒரே பக்கமா நிக்காது. இழுவை விட்டு விட்டு வரும். நாக்கு துண்டு துண்டா அறுந்துடும். ஒவ்வொரு துண்டும் நூத்துக்கணக்கான கிலோமீட்டர்! அப்படியே துருவத்தைத் தாண்டி அந்த இருட்டுக் கன்னத்துக்கு வந்துடும். அதுதான் திரள்."

முடிதிருத்துபவர் பெருமூச்சுடன் மறுபடி நுரை கலக்கப் போவார்.

அத்தானுக்கு வேலையே அதுதான். துருவத்துக்கு மேலிருந்து வரும் சிக்னல் பதிவுகளைப் பார்த்து, எந்தத் திரள் எப்போது கடக்கும் என்று விமானங்களுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். திரளின் ஓரம் பட்டால் சிக்னல் நடுங்கும், பேச்சு அறுபடும். சுற்றியிருப்பதைவிட இரண்டு மடங்கு அடர்த்தி இருந்தால்தான் 'திரள்' என்று எழுதுவார். ஒன்றே முக்கால் மடங்குக்கு மேலதிகாரி தலைகீழாக நின்றாலும் எழுத மாட்டார். சமையல் எப்படி என்று கேட்டாலும் இதே கறார்தான். அதனால் அக்கா கேட்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

இவர்களுடைய ஒரே மகள் துருவத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக். ஞாயிறு காலை பதினொரு மணிக்குச் செயற்கைக்கோள் போனில் கூப்பிடுவாள். திரள் வரும் வாரமென்றால் அத்தான் முன்னதாகவே, "பதினொண்ணு வேணாம், பன்னெண்டே காலுக்குக் கூப்பிடு" என்று செய்தி அனுப்பிவிடுவார். அங்கே மற்றவர்கள் வீட்டுக்குப் பேசும்போது பாதியில் லைன் அறுந்து கத்துவார்களாம். எங்கள் வீட்டுப் பேச்சு ஒருநாளும் அறுந்ததில்லை. அதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

போன ஞாயிறு மட்டும் அந்தப் பெருமையைக் காணோம். மகளின் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்கு வருகிறாளா, இன்னொரு குளிர்காலம் அங்கேயே இருக்கிறாளா என்று அன்று சொல்லியாக வேண்டும். வந்துவிடுவாள் என்று அக்கா அவளுடைய கட்டிலைத் தட்டிப் புது விரிப்பே போட்டுவிட்டாள். அத்தான் பத்து மணிக்கே பதிவுத்தாளோடு போன் முன்னால் உட்கார்ந்தார்.

"எப்படி அத்தான் இருக்கு மேல?" என்று சீண்டினேன்.

"சுத்தமா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அத்தனை தெளிவான குரல்.

"அப்பா, அம்மாவும் இருக்காங்களா? நான் இன்னொரு குளிர்காலம் இருந்துட்டு வரேம்பா. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அக்கா முந்தானையெல்லாம் தேடவில்லை, அப்படியே அழுதுவிட்டாள். அத்தான் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோடு ஒரு நடுக்கமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா சொன்ன? கேக்கல," என்றார். "திரள் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு போல."

இருபத்தெட்டு வருட வேலையில் அவர் சொன்ன முதல் பொய். எனக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை.

மகளும் அந்தத் தாள்களைப் படிக்கத் தெரிந்தவள்தான்.

"பெரிய திரளாப்பா?"

"ஆமாம்மா. ரொம்பப் பெருசு."

"சரிப்பா," என்றாள். "அது கடந்து போகட்டும். அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."