வலது பக்கத்து ஜாய்ஸ்டிக்

டக்… டக்… ட்ட்டக்.

ஆள் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள், அவர் பையிலிருக்கும் ஜாய்ஸ்டிக்குக்கு என்ன கேடு என்பது எனக்குத் தெரிந்துவிடும்; எங்கள் தொழிலில் நோயாளியின் முகத்துக்கு முன்னால் முனகல்தான் வந்து சேரும்.

இரவில் சங்ககிரி ரோட்டில் லாரி எடை மேடையில் எனக்கு வேலை. காலையில் திருச்செங்கோட்டுக்கு வந்து தூங்குவதாகப் பேர். மத்தியானம் எழுந்து, டிவியில் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு ஜாய்ஸ்டிக் தேர்ந்து கொடுப்பேன், பழசைப் பிரித்து மாற்றியும் கொடுப்பேன். அந்தக் காலத்துக் கேம் கடையில் நின்றுகொண்டு ஆடினோமே, ஒரு லீவர், ஆறு பட்டன், அதே சமாச்சாரம்தான். மடியில் வைத்துக்கொள்கிற அளவுக்கு ஒரு பெட்டியில் அடங்கியிருக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. நாலைக் கெடுத்து ஐந்தாவதில் கற்றுக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியும் இதை விடமுடியாமல், 'இந்த வயசுல இது தேவையா' என்ற கேள்வியைத் தினமும் சோற்றோடு சேர்த்து விழுங்கும் சக நோயாளிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் டிவிக்கு முன்னால் இரண்டு ஜாய்ஸ்டிக் இருக்கும். இடது பக்கத்தது என்னுடையது, வலது பக்கத்தது செங்கோடனுடையது. அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் ஆப்பரேட்டர். போர் போட வடக்கே போனால் அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவான். இருக்கிற ஒரு மாதமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் வலது, நான் இடது. மீசை முளைக்காத வயதில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கேம் கடையில் நின்ற அதே வரிசை. ஆனால் இரண்டு மழைக்காலமாக அவன் ஊருக்கு வருகிறான், என் வீட்டுக்கு வருவதில்லை. கடைசியாக வந்த அன்று ஆட்டத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, "போறேன்டா" என்றான். எங்கள் பக்கம் கிளம்புகிற ஆள் 'வாரேன்' என்றுதான் சொல்வார். 'போறேன்' என்றால் பெரியவர்கள் அதட்டுவார்கள். அவன் வண்டியை எடுத்துத் தெருமுனை திரும்பிய பிறகுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது.

நியூட்ரல்

சங்ககிரியிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற லாரி டிரைவர் வந்தார். பேரனுக்காக இருக்கும் என்று நினைத்தேன். "எனக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். நான் என் பாடத்தை ஆரம்பித்தேன். லீவருக்கு அடியில் ஒரு தகடு இருக்கும், அதன் ஓட்டைதான் லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்கும். சதுர ஓட்டை என்றால் மூலைக்குப் போவது திண்ணமாகத் தெரியும். எட்டு மூலை ஓட்டை என்றால் சுற்றுவதற்குச் சுகம், ஆனால் நேர் எது, மூலை எது என்று பழகக் கொஞ்ச நாளாகும். இதற்காக நண்பர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு லீவராகப் பிடித்து ஆட்டி, விட்டுவிட்டு, அது நடுவுக்கு வந்து நிற்கிறதா என்று மட்டும் பார்த்தார். என்னிடமிருந்ததிலேயே உயர்ந்த சரக்கை, "கியர் பாக்ஸ் போன வண்டியாட்டம் இருக்குது" என்று தள்ளி வைத்தார். கடைசியில் சாதாரண லீவர் ஒன்றுக்குக் கெட்டி ஸ்பிரிங் போட்டுத் தரச் சொன்னார். எட்டு மூலையை ஒருமுறை ஆடிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். "எட்டு மூலை என்னத்துக்குங்க? முன்னால போவோணும், பின்னால வரோணும், அடி வாங்குனா நியூட்ரல்ல நிக்கோணும். அவ்வளவுதானுங்க பொழப்பு."

முட்டை அட்டை

ராசிபுரத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். ஏழு மாதக் குழந்தை. அது தூங்குகிற ஒன்றரை மணி நேரம்தான் அவருக்கு ஆட்டம். பட்டன் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்கிறது, சத்தமில்லாமல் செய்ய முடியுமா என்று கேட்டார்.

பட்டனுக்குள் ரப்பர் வளையம் வைத்தேன், லீவரின் சுவிட்சுகளை மாற்றினேன். அப்படியும் பெட்டி மத்தளம் போல அதிர்ந்தது. ஆழ்ந்து யோசித்து எழுந்து போய், சமையலறையில் முட்டை அடுக்கியிருந்த அட்டையை உருவி வந்து, அளவாக வெட்டிப் பெட்டிக்குள் ஒட்டினேன். நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்கு வெளிநாட்டுப் பஞ்சு வாங்குகிறவனைச் சும்மா விடக்கூடாது. அறை அடங்கிவிட்டது. சரிபார்க்க என்னோடு மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றிலும் என்னைச் சுவரோடு சுவராக ஒட்ட வைத்தார். வாய் பிளந்து உட்கார்ந்திருந்த என்னிடம், பெட்டியைப் பையில் வைத்தபடி, "உங்களையெல்லாம் ஜெயிக்கறது கணக்கில்லீங்க சார். பாப்பா முழிக்காம இருந்தாத்தான் நான் ஜெயிச்சேன்னு அர்த்தம்" என்றார்.

செத்த சாமான்

முட்டை அட்டை வெற்றி தலைக்கேறிவிட்டது. அடுத்து வந்த குமாரபாளையத்துத் தறிக்காரருக்கு, அவர் கேட்காமலேயே சத்தத்தை எடுத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அவர் ஆடுகிற அறைக்கும் எட்டு விசைத்தறிக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தான். தறி ஓடும்போது தரையே அதிர்கிறது. பட்டன் அமுங்கியது விரலுக்கும் தெரியவில்லை, காதுக்கும் எட்டவில்லை.

என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கேம் கடையை மூடியபோது அந்த மெஷின்களிலிருந்து நான் கழற்றி வைத்த பழைய சுவிட்சுகள். ஒவ்வொன்றும் பாக்கு வெட்டுவது போலச் சத்தம் போடும். அதில் பாதியை அவருக்குப் போட்டேன். அமுக்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. அப்புறம் எனக்குப் புத்தி சொன்னார்: "தறி ஓடற ஊட்ல சத்தம் போடாத சாமான் செத்த சாமானுங்க."

சட்டை

சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே செங்கோடனின் மனைவி. நலம் விசாரித்துவிட்டு, கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். என் மேல் அவனுக்கு என்ன கோபம்?

அந்தம்மா தக்காளியை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோவமா? ஐயோ, அவரு உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களா?" இருபது வருடம் ரிக் லீவரைப் பிடித்த அதிர்வில் விரல் நுனிகள் மரத்துப் போயிருக்கின்றன. காசு எது, ஓட்டாஞ்சில்லு எது என்று தொட்டால் தெரியாது. வைத்தியம் பார்க்கிறார்கள், இப்போது சூப்பர்வைசராக மட்டும் போகிறான், மழைக்கு ஊர் வந்து வீட்டில்தான் இருக்கிறான். இரண்டு வருடமாக நான் அவன் மேல் அடுக்கி வைத்திருந்த குற்றப்பட்டியல் அங்கேயே உதிர்ந்தது. அவன் பாதியில் எழுந்துபோன அந்த ஆட்டத்தில், "என்னடா, தூங்கறயா?" என்று நான் சிரித்ததுதான் மிச்சமாக நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அந்தம்மா சொன்னார்: "சட்டை பட்டனே நாந்தானுங்ணா போட்டு உடறேன்."

மூணாவது பட்டன்

அன்று வீட்டுக்கு வந்து தூங்கவில்லை. வலது பக்கத்து ஜாய்ஸ்டிக்கைப் பிரித்தேன். முதலில் செய்தது முட்டாள்தனம். பாவம், நோகாமல் இருக்கட்டும் என்று எல்லா ஸ்பிரிங்கையும் பூப்போல ஆக்கினேன். என் விரல் நுனிகளில் துணி சுற்றிக்கொண்டு ஆடிப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. விரல் இருக்கிறது, பட்டன் இருக்கிறது, நடுவில் யாருமில்லை. குமாரபாளையத்துக்காரரின் பேச்சு அப்போதுதான் ஞாபகம் வந்தது. டப்பாவில் மிச்சமிருந்த சுவிட்சுகள் அத்தனையையும் போட்டேன். குண்டுக் கைப்பிடியை எடுத்துவிட்டு, உள்ளங்கையால் மேலிருந்து பிடிக்கிற மாதிரி பருத்த ஒன்றை வைத்தேன். அவன் எப்போதுமே லீவரை ரிக் ஓட்டுகிற மாதிரிதான் பிடிப்பான். அதற்காகவே பல வருடம் திட்டியிருக்கிறேன்.

போன் போட்டேன். "சொல்றா" என்றான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்களுக்குள் கிடையாது. போனைப் பெட்டி மேல் வைத்துவிட்டு ஆறு பட்டனையும் வரிசையாக அமுக்கினேன்: டக்… டக்… ட்ட்டக்… வைத்துவிட்டானோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் குரல் வந்தது: "டேய், அந்த மூணாவது பட்டன் நம்ம கடையிதாச்சே?"

படியில்

அதற்கப்புறம் எட்டு நாள் இரண்டு மணிக்கு இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் துடைத்து வைத்தேன். தனியாகப் பயிற்சி ஆட்டம் போட்டேன். அதில் எதிராளி எவ்வளவு அடித்தாலும் வாங்கிக்கொண்டு நிற்பான், திருப்பி அடிக்கமாட்டான். அப்படிப்பட்டவனை அடித்து யாருக்கு என்ன நிறைவு?

ஒன்பதாம் நாள் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. மனைவி தையல் கம்பெனியிலிருந்து வருவதற்குள் மாவு ஆட்டி வைப்பது என் வேலை. கிரைண்டர் சத்தத்தில் படியில் ஆள் வந்தது கேட்கவில்லை. திரும்பினால் செங்கோடன் நிற்கிறான், சட்டை பட்டன் எல்லாம் ஒழுங்காகப் போட்டு. "காது அவிஞ்சு போச்சா? எத்தன தடவ கூப்படறது" என்றபடி நேராகப் போய் வலது பக்கம் உட்கார்ந்தான். நான் கிரைண்டரை நிறுத்தினேன்.

நாலு ஆட்டம் தோற்றான். ஒருமுறை பட்டனை விட்டு வெறும் பலகையைத் தட்டினான். நான் பார்க்காத மாதிரி டிவியைப் பார்த்தேன். "உட்டுக் குடுத்த, கொன்னுபோடுவேன்" என்றான். ஐந்தாவதில் கண்ணை டிவியில் வைத்து, தலையைச் சாய்த்து, பட்டன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஆடினான். அதிலும் தோற்றான்தான். ஆனால் எனக்கு இத்தனூண்டு உயிர் மட்டும் மிச்சம் வைத்து என்னைத் துரத்தித் துரத்தி அடித்துவிட்டுத் தோற்றான். "கை ஒண்ணும் சொல்லமாட்டீங்குதுடா. காதுதான் சொல்லுது" என்று விரல்களைப் பார்த்துக்கொண்டான். நாளை மறுநாள் லாரி வடக்கே கிளம்புகிறதாம். வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, படியில் இரண்டு இறங்கி, நின்று, திரும்பாமலே சொன்னான்: "வாரேன்டா."

ஜெயிக்கிறவன் எந்த ஓட்டை ஜாய்ஸ்டிக்கிலும் ஜெயித்துவிடுவான். நாங்கள் கண் விழித்து ஸ்பிரிங் மாற்றுவதெல்லாம், தோற்பதற்காகவாவது திரும்பி வருகிற ஒருவனுக்காகத்தான். உளுந்துக்கு ஒரு கை தண்ணீர் தெளித்து, கிரைண்டரைப் போட்டேன்.