உடைஞ்சதா, உடைச்சதா?

சமுதாயக் கூடத்தின் சாவி இருபத்திரண்டு வருஷமாக அவளிடம்தான் இருக்கிறது. எல்லோரும் அவளைக் கூப்பிடுவதே 'பரவாயில்லக்கா' என்றுதான். பந்து பட்டு ஜன்னல் போனாலும் சரி, விருந்துக்கு வந்த தடியர் யாராவது நாற்காலிக் காலை ஒடித்தாலும் சரி, ஒருத்தர் மேலும் பழி போடமாட்டாள். "உடைஞ்சுபோச்சு, பரவாயில்ல" என்று துடைப்பத்தைத் தூக்கிவிடுவாள்.

அந்தப் பழக்கம்தான் அன்றைக்குக் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

நாலு மாதத்துக்கு முன் யார் யாரோ புகுந்து, கூடத்தின் பதினோரு ஜன்னல்களையும் மேடையையும் நொறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வேண்டுமென்றே செய்த சேதம் என்று போலீஸ் சான்று இருந்தால் அரசு இழப்பீடு தரும். இல்லாவிட்டால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்று கமிட்டி கையை விரித்துவிட்டது. மனு கொடுக்க இன்றே கடைசி நாள். மணி மூன்று. இழப்பீட்டு ஆபீஸ் குமாஸ்தா அவள் நீட்டிய போலீஸ் சான்றைத் திருப்பித் தள்ளினார்.

"'ஜன்னல்கள் உடைந்தன'ன்னு இருக்கேம்மா. தானா உடைஞ்சதுக்கு அரசு என்ன பண்ணும்? உடைச்சதுக்குத்தான் பணம்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"உங்களுக்கு ஒண்ணு. சட்டத்துக்கு வேற. நாலு மணிக்குச் சாத்திடுவோம்."

'உடைஞ்சுபோச்சு சார்' என்று அவள் வாயால் சொன்னதைத்தானே போலீஸில் எழுதியிருக்கிறார்கள்! வாசலில் வேனோடு நின்ற கணவரிடம் ஓடினாள். "ஸ்டேஷனுக்கு விடுங்க, சீக்கிரம்!" பாழாய்ப்போன சிக்னல் ஒன்றுகூடப் பச்சை காட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "என்னதான் நடந்துச்சு? தெளிவா சொல்லுங்க."

நாக்கு நுனிவரை வந்த 'பரவாயில்ல'வை அவள் விழுங்கினாள்.

"உடைச்சாங்க சார்! பூட்டை அறுத்து உள்ள வந்து, ஒவ்வொரு ஜன்னலா உடைச்சாங்க. அறுத்த பூட்டு உங்ககிட்டயே இருக்கு. என் கூடத்தை உடைச்சாங்க!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. இத்தனை பெரிய குரல் தனக்கு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பயமே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

புதுச் சான்றோடு ஆபீஸ் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவினாள். மூன்று ஐம்பத்தெட்டு. குமாஸ்தா படித்தார், படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். பிறகு டக்கென்று முத்திரையைக் குத்தினார்.

"இது போதும்மா. கூடத்துக்குப் பணம் வந்துடும்."

மூச்சிரைக்க வெளியே வந்தாள். கணவர் வேனிலிருந்து தலையை நீட்டினார்.

"என்னடி, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதாவா?" இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நான் முடிச்சேங்க!"