மூன்றாம் இடம் வந்த தேர்தல்

அந்தச் சட்டமன்றத் தேர்தலில் நாங்கள் மூன்றாம் இடம் வந்தோம். இரண்டாம் இடத்துக்கும் எங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் பேசவில்லை. மூன்றாம் இடம் என்பதை மட்டும் ஒரு மாதம் பேசினார்கள்.

வேட்பாளர் என் நண்பர். வீரபாண்டிப் பக்கம் சொந்த ஊர், நிட்டிங் மெஷின் மெக்கானிக். கிணற்றில் சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் இறங்கி அவருடைய தென்னைகள் பட்டுப்போயின. அந்தக் கோபத்தில் ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்தார். நான் தெற்கேயிருந்து இந்தப் பனியன் ஊருக்குப் பிழைக்க வந்தவன். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அவர் கூப்பிட்டார் என்று நானும் சேர்ந்தேன்.

மூன்று வாரம் வீதி வீதியாக நடந்தோம். கம்பெனி வாசல்களில் ஷிப்ட் விடும் நேரத்தில் அவர் பேசினால் கூட்டம் நின்று கேட்கும், கைதட்டும். அதில் பாதிப் பேருக்கு ஓட்டு தேனியிலோ தூத்துக்குடியிலோ இருந்தது. மீதியில் பலருக்குப் பீகாரில். இது எனக்குத் தெரியும். கைதட்டலைக் கேட்கும்போது மறந்துபோகும்.

வாக்கு எண்ணும் நாளில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் ஏஜெண்டாக உட்கார்ந்து, என் மேஜைக்கு வந்த பூத்துகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டேன். மற்ற மேஜைகளில் நம் ஆட்கள் எழுதியதையும் வாங்கிக்கொண்டேன். டெபாசிட் போயிற்று. நண்பர் முகம் வாடவில்லை. "மொதத் தடவைக்கு இது பரவால்லீங்கண்ணா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாள்களை வீட்டுத் தரையில் பரப்பினேன். நாங்கள் நடந்த பூத்துகளை ஒரு பக்கம் வைத்தேன். எட்டியே பார்க்காத பூத்துகளை இன்னொரு பக்கம். நூறு ஓட்டுக்கு எத்தனை என்று இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஒரே அளவு. நம்பாமல் திரும்பப் போட்டேன். அதேதான். இரண்டு பெரிய கட்சிகளையும் பிடிக்காதவர்கள் எங்கும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். மூன்றாவதாக எந்தச் சின்னம் கண்ணில் பட்டதோ அதில் அழுத்தியிருக்கிறார்கள். நாங்கள் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் அந்த ஓட்டு விழுந்திருக்கும்.

கட்சியின் ஆய்வுக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மாவட்டப் பொறுப்பாளர் மூன்றாம் இடத்தை வரலாறு என்றார். நாம் ஓட்டைப் பிரித்ததால்தான் தோற்றதாக எதிர்க்கட்சிக்காரனே புலம்புகிறான் என்று சொன்னபோது எல்லாரும் விசிலடித்தார்கள். நான் எழுந்து என் தாளை வாசித்தேன். பாதியில் பொறுப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"உழைச்ச தொண்டனுங்க மனச ஒடைக்காதீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவன் நாற்காலியைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டான்.

வெளியே வந்ததும் நண்பர் என்னைப் பேக்கரிக்குக் கூட்டிப்போனார். டீ வந்ததும் கேட்டார்.

"ஏங்கண்ணா, கட்சிக்கில்லாம எனக்காகவே போட்டவங்க எத்தன பேரு இருப்பாங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "உங்க சொந்த பூத்துல மட்டும் மத்த பூத்தவிடப் பத்தொம்பது கூட விழுந்திருக்கு தம்பி. வேற எங்கயும் வித்தியாசம் இல்ல."

"எங்க பங்காளிக ஊட்டுலயே முப்பது ஓட்டு இருக்குதுங்களே."

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, அண்ணன் வீடு. எந்த வீட்டை விட்டாலும் பத்தொன்பது சரியாக வரவில்லை. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பின் அவர் சொந்தக்காரர்கள் விசேஷம் எதற்கும் போவதில்லை. சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக்கூட மனைவியைத் தனியாக அனுப்பினார். அந்தம்மா ஒருநாள் சந்தையில் என்னை நிறுத்தி, "அந்தக் கணக்க நீங்க சொல்லாம இருந்திருக்கோணுமுங்க. யாரப் பாத்தாலும் இவன் போட்டானா போடலியான்னு மொகத்தையே பாக்கறாருங்க" என்றார்.

அடுத்து உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தபோது கட்சி வேறொருவரை நிறுத்துவதாக முடிவு செய்தது. 'சென்ற முறை மூன்றாம் இடம், இம்முறை முதலிடம்' என்று நோட்டீஸ் அடித்தார்கள். புதியவருக்குச் சாயப்பட்டறை இருக்கிறது.

நான் விலகிவிட்டேன். நண்பரும் விலகியிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் எங்கள் கம்பெனி வாசலில் அந்தச் சாயப்பட்டறைக்காரருக்காக அவரே நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி இது? உங்க கெணறு?" என்றேன்.

"கட்சிக்காரங்களாச்சும் கூட இருக்கறாங்களேங்க" என்று சொல்லி, எனக்கும் ஒரு நோட்டீஸை நீட்டிவிட்டு, பின்னால் வந்த பெண்களிடம் திரும்பிக்கொண்டார்.